காயவைப்பதும் ஆறப்போடுவதும்

காவிரிப் படுகையில் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்பு, அரிவாள் பட்ட கதிர் நெல்லாகிப் பத்தாயத்துக்குள் போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். அறுத்த தாளை அரி அரியாக வயலிலேயே கிடத்திவிடுவார்கள். ஒரு நாள் வெயிலோ இரண்டு நாள் வெயிலோ அங்கேயே அதன்மேல் விழும். பிறகு கட்டுக் கட்டித் தலைச்சுமையாகக் களத்துமேட்டுக்கு வரும். தலையடி அடித்து உதிர்ந்தது போக, மிச்சத் தாளைப் போராகப் போட்டுவைத்துப் பின்னால் மாடு கட்டிப் போரடிப்பார்கள். தூற்றும்போது காற்று படும், களத்தில் பரப்பும்போது மறுபடி வெயில் படும். காயவைப்பதற்கென்று தனியே ஒரு நாள் ஒதுக்கியவர்கள் குறைவு. அறுவடையின் ஒவ்வொரு வேலையிலும் நெல் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துகொண்டே வந்தது.

இன்று செயின் வண்டி வயலில் இறங்கினால் ஒரு ஏக்கரை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கரையேறிவிடுகிறது. அறுப்பது, அடிப்பது, தூற்றுவது மூன்றும் அதன் வயிற்றுக்குள்ளேயே நடந்து, நெல் நேராக டிராக்டர் டிப்பரில் கொட்டுகிறது. அப்படிக் கொட்டும் நெல்லில் 100 கிலோவுக்கு 20 முதல் 25 கிலோ வரை தண்ணீர் இருக்கும். மழையில் நனைந்த வயலென்றால் அதற்கும் மேல். அறுக்க ஆள் கிடைக்காத ஊர்களுக்கு இந்த வண்டி வந்தது பெரிய உதவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது அறுவடையைச் சுருக்கிய வேகத்தில், நெல் தானாகக் காய்ந்துகொண்டிருந்த அந்த ஒரு வாரத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

சூடான காற்றை ஊதும் டிரையரிலிருந்து மைக்ரோவேவ் வரை இன்று பேசப்படுகிற உலர்த்தும் கருவிகள் எல்லாமே தொலைந்துபோன அந்த ஒரு வாரத்தை ஈடுகட்டப் பார்ப்பவைதான். காய்வதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்பதைத்தான் கருவி விற்பவர்கள் முதலில் சொல்கிறார்கள். காய்ந்த தானியம் அரவையில் என்ன ஆகிறது, முளைக்குமா, மாவாக்கினால் எப்படியிருக்கும் என்பவை இரண்டாவது பேச்சாகவே வருகின்றன. அவற்றைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் இந்த விவகாரம் முழுவதும் ஒரு சின்னக் கருவிக்குள் அடங்கிவிடுகிறது. குவியலுக்குள் கைவிட்டு ஒரு பிடி நெல்லை எடுத்து, ஈரப்பதம் பார்க்கும் மெஷினில் போட்டு அழுத்துகிறார்கள். திரையில் ஓர் எண் வருகிறது. மத்திய அரசு வகுத்திருக்கும் உச்ச அளவு 17 சதவீதம். அதற்கு மேல் போனால் நெல் களத்திலேயே கிடக்க வேண்டியதுதான். மழை ஆண்டுகளில் தளர்வு கேட்டு மாநில அரசு எழுதும்; 2022-23 பருவத்தில் 19 சதவீதம் வரை வாங்கலாம் என்று அனுமதி வந்தது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பருவம் தப்பிப் பெய்த மழை, அறுவடைக்கு நின்ற சம்பாவைச் சாய்த்த பிறகு அது 20 ஆனது. அனுமதி வரும்வரை தார்ப்பாயைப் போட்டு மூடுவதும், வெயில் எட்டிப் பார்த்தால் திறப்பதும், மேகம் கூடினால் ஓடிப்போய் மறுபடி மூடுவதுமாக ராத்தூக்கம் கெட்டு நிற்பவர் விவசாயி.

கணக்குப் போட்டுப் பார்த்தால் மனம் பதைக்கும். 20 சதவீத ஈரமுள்ள 40 கிலோ மூட்டை ஒன்று 17 சதவீதத்துக்கு இறங்க, அதிலிருந்து வெளியேற வேண்டிய தண்ணீர் ஒன்றரை லிட்டர்கூட இல்லை. சேமிப்புக்குப் பத்திரமான 14 சதவீதத்துக்கு இறக்குவதென்றாலும் மூன்று லிட்டருக்குள்தான். அந்த மூன்று லிட்டர் உள்ளே தங்கிவிட்டால் நெல் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும், மூட்டைக்குள் சூடு ஏறும், பூஞ்சணம் பிடிக்கும், அரிசி பழுத்து மஞ்சளாகும், முளைகூட விடும். அதனால் 17 என்ற வரம்பைக் குறை சொல்வதற்கில்லை. நீண்ட நாள் அடுக்கிவைக்க 17 சதவீதமே அதிகம்.

மெஷின் வருவதற்கு முன்பு இதைப் பல்லால் பார்த்தார்கள். இரண்டு நெல்லை உமி நீக்கிக் கடைவாயில் வைத்துக் கடித்தால், ஈரமுள்ளது நசுங்கும், காய்ந்தது படக்கென்று இரண்டாக உடையும். உள்ளங்கையில் அள்ளிக் குலுக்கினால் எழும் சலசலப்பை வைத்தே சொல்பவர்களும் இருந்தார்கள். பதம் என்ற சொல்லுக்குள் ஈரத்தின் அளவு மட்டும் இல்லை, அது எந்த வேகத்தில் அந்த அளவுக்கு வந்தது என்பதும் இருந்தது. அதைப் புரிந்துகொள்ளப் புழுங்கல் அரிசி ஆலைகளின் சிமெண்ட் களங்களுக்குப் போக வேண்டும்.

ஊறவைத்து அவித்த நெல்லில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றேறக்குறையத் தண்ணீர்தான். ஆவி பறக்க அதைக் களத்தில் கொட்டி, இரண்டு மூன்று விரற்கடை உயரத்துக்குப் பரப்புவார்கள். பரப்பியதும் பெண்கள் வரிசையாக அதற்குள் இறங்கி, பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடப்பார்கள். காலுக்கு இருபுறமும் நெல் ஒதுங்கி வரப்பு வரப்பாக நிற்கும். திரும்பி வரும்போது அந்த வரப்பு சால் ஆகும், சால் வரப்பாகும். கீழே கிடந்தது மேலே வரும். இப்படியே மணிக்கணக்கில். வெயில் உச்சிக்கு வந்து, இன்னும் இரண்டு மணி நேரம் விட்டால் முழுக்கக் காய்ந்துவிடும் என்கிற நேரத்தில், எல்லாவற்றையும் பலகையால் தள்ளிக் குவியலாகக் கூட்டி மூடிவிடுவார்கள்.

"என்னக்கா, நல்ல வெயிலா இருக்கு, இப்பப் போய் கூட்டுறீங்க?" என்று புதிதாய் வந்த பையன் கேட்டால், "இப்படியே விட்டா மெஷின்ல அம்புட்டும் குருணையாயிடும் தம்பி. கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் விரிச்சுக்கலாம்" என்று பதில் வரும்.

அந்த அக்காவின் பதிலுக்குள் இருந்த அறிவியலை 1967ல் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் பட்டாச்சார்யாவும் இந்துதர சுவாமியும் அளந்து எழுதினார்கள். புழுங்கல் நெல்லை ஒரே மூச்சில் உலர்த்தினால், ஏறத்தாழ 16 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இறங்கிய பிறகுதான் விரிசல் பிறக்கிறது. அந்த இடத்தில் நிறுத்தி, சில மணி நேரம் ஆறப்போட்டு, பிறகு மிச்ச ஈரத்தை எடுத்தால் அரிசி உடைவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆலைக் களத்தில் தலைமுறையாகச் செய்துவந்ததும் இதே இரண்டு கட்ட வேலைதான்.

ஏன் உடைகிறது? தானியத்தின் மேற்பரப்பு முதலில் காய்கிறது, நடுவில் ஈரம் நிற்கிறது. காய்ந்த பகுதி சுருங்கப் பார்க்கும், ஈரமான பகுதி இடம் கொடுக்காது. இழுபறி எல்லை மீறினால் அரிசியின் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு விழுகிறது. இதில் விவசாயியும் ஆலைக்காரரும் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. அந்தக் கோடு காயும்போதே விழுவது குறைவு. காய்ந்து முடிந்து, சூடு தணிந்து, நெல் சும்மா கிடக்கும் அடுத்த சில மணி நேரத்தில்தான் பெரும்பாலும் விழுகிறது. டிரையரிலிருந்து வெளிவரும்போது முத்துப்போல் இருந்த நெல் மறுநாள் அரவையில் நொறுங்கும். 2000ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு இன்னும் துல்லியமான காரணம் சொன்னார்கள். ஓர் அளவுக்கு மேல் சூடான ஸ்டார்ச் ரப்பர் போல இளகி நிற்கும், அதற்குக் கீழே கண்ணாடி போல இறுகும். உள்ளும் புறமும் ஈரம் சமமாவதற்கு முன்பே நெல்லைக் குளிரவிட்டால், மேல்பகுதி கண்ணாடியாகவும் நடுப்பகுதி ரப்பராகவும் நின்று பிளவு விழுகிறது. சூட்டோடு சூடாக மூடிவைத்து, ஈரம் உள்ளும் புறமும் ஒன்றான பிறகு குளிரவிட வேண்டும் என்பது அதன் சாரம்.

களத்தை நான் கொண்டாடப் போவதில்லை. கால் கொப்பளிக்கும் சிமெண்ட் தரையில் நாளெல்லாம் நடந்த பெண்களுக்குக் கிடைத்த கூலி மிகக் கொஞ்சம். வெயிலில் கிடந்த நெல்லில் கல்லும் மண்ணும் சேரும், பறவையும் ஆடும் வாய்வைக்கும். உச்சி வெயிலில் தரை கொதிக்கும்போது அடி நெல் அளவுக்கு மீறிச் சூடேறும். இரவில் மூடாமல் விட்டால் பனி இறங்கி, காய்ந்த நெல் மறுபடி ஈரத்தை உறிஞ்சி அதனாலேயே வெடிக்கும். களம் இல்லாத ஊர்களில் இன்று தார்ச்சாலையின் பாதியை அடைத்துக் காயவைக்கிறார்கள்; இருட்டில் அந்தக் குவியலில் ஏறிக் கவிழ்ந்த இருசக்கர வாகனங்களின் செய்தி ஒவ்வோர் அறுவடைக்கும் வருகிறது. மழை மாதத்தில் களம் இருந்தும் பயனில்லை.

மழை மாதம் என்பதுதான் தஞ்சைத் தரணியின் பழைய நோவு. 1960ல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் தஞ்சாவூரும் இருந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால ரகம் வந்தது. ஜப்பானிய நோரின் 10 ரகத்தையும் நம்முடைய ஜி.இ.பி. 24 ரகத்தையும் கூட்டி உருவாக்கியது. குறுவையில் விளைச்சல் குதித்தது. ஆனால் அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாசலில் போய் நின்றது. களஞ்சியமே நனைந்த நெல்லால் நிறைந்தபோது, அதைக் காப்பாற்ற வழிதேடி 1967ல் திருவாரூரில் தஞ்சைக் கூட்டுறவு விற்பனை இணையத்தின் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஓர் ஆய்வுக்கூடம் பிறந்தது. மைசூர் நிறுவனத்தை நிறுவிய விஞ்ஞானி வி. சுப்பிரமணியன் பிற்காலத்தில் அதை வழிநடத்தினார். நெல் பதன்செய் ஆராய்ச்சி மையமாக வளர்ந்து, தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்து, பெயர்கள் பல மாறி, இன்று புதுக்கோட்டைச் சாலையில் நிஃப்டெம்-தஞ்சாவூர் என்ற தேசிய நிறுவனமாக நிற்பது அதுதான். ஈர நெல்லுக்காகத் தொடங்கிய ஒரு கூடம் தேசிய நிறுவனமாக வளர்ந்துவிட்டது, ஈர நெல் பிரச்சினை அப்படியே இருக்கிறது என்பதை வருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது.

நவீன ஆலைகளோடு சூடான காற்று டிரையர்களும் வந்தன. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் வடிவமைத்ததால் எல்.எஸ்.யு. என்று அழைக்கப்படும் உயரமான பெட்டிதான் நம் ஆலைகளில் அதிகம். மேலிருந்து நெல் இறங்கும், குறுக்கே வைத்த கூரை வடிவக் குழாய்கள் வழியே வெப்பக்காற்று புகுந்து வெளியேறும். நெல்லை ஒரே தடவையில் காய்ச்சிவிடாமல் சுற்றுச் சுற்றாக ஓட்டி, நடுவில் தொட்டியில் ஆறப்போடும் ஏற்பாடு அதில் உண்டு. களத்துப் பெண்கள் கூட்டி மூடிய அந்த வேலை இங்கே இரும்புத் தொட்டிக்கு மாறியது. எரிபொருளுக்கும் அலைய வேண்டியதில்லை. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி.

இனி மைக்ரோவேவுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ல், அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் ராடாருக்கான மேக்னட்ரான் குழாய்களோடு வேலை செய்துகொண்டிருந்த பெர்சி ஸ்பென்சர், அந்த அலைகள் உணவைச் சூடாக்குவதைக் கவனித்தார். சட்டைப்பையில் இருந்த இனிப்பு உருகியதாகச் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். அடுத்து அவர் அந்த அலைகளின் முன் வைத்துப் பார்த்தவற்றில் மக்காச்சோளமும் ஒன்று. அது படபடவென்று பொரிந்தது. மைக்ரோவேவ் முன் நின்ற முதல் தானியம் வெடித்தது என்பது வேடிக்கைச் செய்தியாகவே சொல்லப்படுகிறது. தானியத்தைக் காயவைக்க நினைப்பவருக்கு அதுவே முதல் எச்சரிக்கை.

வெயிலும் வெப்பக்காற்றும் தானியத்தை வெளியிலிருந்து உள்ளே சூடாக்கும். மைக்ரோவேவ் அப்படி இல்லை. வீட்டு அடுப்பில் பயன்படும் அலையின் அதிர்வெண் 2,450 மெகாஹெர்ட்ஸ், பெரிய தொழிற்சாலைக் கருவிகளில் 915 மெகாஹெர்ட்ஸும் உண்டு. தண்ணீர் மூலக்கூறுக்கு ஒரு முனை நேர்மின் பக்கம், மறுமுனை எதிர்மின் பக்கம். அலையின் மின்புலம் விநாடிக்குக் கோடிக்கணக்கான முறை திசை மாறும்போது அந்த மூலக்கூறுகளும் கூடவே திரும்பப் பார்த்து, ஒன்றோடொன்று மோதிச் சூடாகின்றன. ஸ்டார்ச்சும் புரதமும் இதில் அவ்வளவாகக் கலந்துகொள்வதில்லை, தண்ணீர்தான் அதிகம் சூடேறுகிறது. எங்கே ஈரம் அதிகமோ அங்கே சூடும் அதிகம். உள்ளே பிறக்கும் நீராவியே ஈரத்தை வெளியே தள்ளுகிறது. மணிக்கணக்கில் ஆகும் வேலை நிமிடங்களில் முடிவது இதனால்தான்.

காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. தானியத்தில் வைத்துப் பார்த்தபோது கிடைத்த முடிவுகள் அத்தனை எளிமையாக இல்லை.

கோதுமையை எடுத்துக்கொள்வோம். மைசூர் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2002ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மைக்ரோவேவில் காய்ந்த கோதுமை மொறுமொறுப்பாகி, அரைப்பதற்கு மின்சாரம் குறைவாகவே பிடித்தது. மாவு ஆலைக்கு நல்ல செய்தி. மொத்தப் புரத அளவும் குறையவில்லை. ஆனால் அந்த மாவைப் பிசைந்து, கழுவிக் குளுட்டனை எடுத்தபோது, அது இழுபடவில்லை, இழுத்துவிட்டால் திரும்பிச் சுருங்கவும் இல்லை. சப்பாத்தி மாவு கையில் இழுபடுவதும், ரொட்டி உப்பி நிற்பதும் அந்தக் குளுட்டன் வலையால்தான். அளவு கருவியில் புரதம் அப்படியே இருக்கிறது, வேலை செய்யும் திறன்தான் போய்விட்டது. தானியத்தின் தரத்தைச் சத்து அட்டவணையை வைத்து மட்டும் முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அதே கோதுமையைக் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் வேறு நோக்கத்தோடு சோதித்தார்கள். சேமிப்புக் கிடங்கில் தானியத்தைத் தின்னும் வண்டுகளை மருந்தில்லாமல் மைக்ரோவேவால் கொல்ல முடியுமா என்று பார்த்தார்கள். முடிந்தது. விநாடிகளில் முடியும் அந்தக் குறுகிய சூட்டில் கோதுமையின் புரதமும், மாவு கிடைக்கும் அளவும், ரொட்டி உப்பும் அளவும் குறிப்பிடும்படி மாறவில்லை. முளைப்புத் திறன் மட்டும் சூட்டின் அளவு கூடக்கூடச் சரிந்தது. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றலாம், அப்படி இல்லை. தானியம் எவ்வளவு நேரம், எவ்வளவு சூட்டில், எவ்வளவு ஈரத்தோடு நின்றது என்பதுதான் வேறுபாடு. சிறிதளவு சூட்டைத் தாங்கும் தானியம் நீண்ட சூட்டைத் தாங்குவதில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் சாவது முளை.

அதே பல்கலைக்கழகத்தில் அண்ணாமலை மாணிக்கவாசகன், திக்விர் ஜெயஸ் உள்ளிட்டோர் 2006ஐ ஒட்டிச் செய்த வேலையை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். பட்டையில் ஓடும் தொழிற்சாலை வகை மைக்ரோவேவ் உலர்த்தியில் பார்லி, கனோலா, கோதுமை மூன்றையும் ஓட்டி, வெளியே வந்த தானியத்தை வெப்பப் படக் கருவியால் படம் பிடித்தார்கள். ஒரே தட்டில் ஒரு பக்கம் தானியம் வெதுவெதுப்பாகக் கிடந்தது, சில அங்குலம் தள்ளி இன்னொரு பக்கம் தொட முடியாத சூடு. அலைகள் பெட்டிக்குள் மோதித் திரும்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது சில இடங்களில் சக்தி குவிகிறது, சில இடங்களில் வெறுமை. சூடு குவிந்த இடத்துக் கோதுமையை எடுத்து முளைக்கவைத்தால் முளைப்பு விழுந்துகிடந்தது. சராசரி வெப்பநிலை என்று கருவியின் முகப்பில் காட்டும் எண் இங்கே பொருளற்றுப் போகிறது. கொள்முதல் நிலையத்து மெஷினின் 17 ஒரு பிடி நெல்லின் கதையைத்தான் சொல்கிறது, இந்தச் சராசரியும் அப்படியே.

நெல்லில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. கோதுமையை மாவாக்கித்தான் தின்கிறோம், அரிசியை முழுசாகத் தின்கிறோம். உடைந்தால் விலை போயிற்று. இந்திய உணவுக் கழகத்துக்கு எடுக்கும் பச்சரிசியில் 25 சதவீதம் வரையும், புழுங்கலில் 16 சதவீதம் வரையும் குருணை இருக்கலாம் என்பது நெடுங்காலமாக இருந்துவந்த வரம்பு. கடையில் வாங்கும் இல்லத்தரசிக்கு அதுவும் அதிகம். மைக்ரோவேவின் சக்தியைக் கூட்டிவைத்து நெல்லை அவசரமாக உலர்த்தினால், வெளியேற வழி கிடைக்காத நீராவி உள்ளேயே அழுத்தம் கொடுத்து அரிசியைப் பிளக்கிறது. ஈரம் நிறைந்த நெல்லின் நடுப்பகுதி வெந்து ஸ்டார்ச் இளகி, பச்சரிசியாக வர வேண்டியது பாதி புழுங்கலாகிவிடுவதும் உண்டு. நிறமும் மங்கும்.

சக்தியைக் குறைத்து, விட்டு விட்டுக் கொடுத்து, கூடவே காற்றையும் ஓட்டினால் நிலைமை மாறுகிறது. அமெரிக்காவில் நெல் அதிகம் விளையும் மாநிலமான ஆர்கன்சாவில், 915 மெகாஹெர்ட்ஸ் தொழிற்சாலைக் கருவியை வைத்து, பல சுற்று உலர்த்தலை ஒரே சுற்றாகச் சுருக்கும் முயற்சியைக் கடந்த சில ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். முழு அரிசி நல்ல அளவில் தேறுகிறது என்று காட்டியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. மைக்ரோவேவிலிருந்து வெளிவந்த நெல்லை அந்தச் சூடு குறையாமல் மூடி, மணிக்கணக்கில் ஆறப்போட்ட பிறகே காற்றில் குளிரவைக்கிறார்கள். உலர்த்தும் நேரத்தை நிமிடங்களாகச் சுருக்கிய கருவியால் ஆறப்போடும் நேரத்தைச் சுருக்க முடியவில்லை. மைசூரில் 1967ல் எழுதியதும், "கொஞ்சம் ஆறட்டும்" என்று களத்தில் சொன்னதும் இதைத்தான்.

மைக்ரோவேவ் நிச்சயமாகப் பயன்படும் இடங்களும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. தவிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லைத் தீட்டிய உடனே தவிட்டிலுள்ள லைபேஸ் என்ற நொதி கொழுப்பைச் சிதைக்கத் தொடங்கி, சில நாளில் சிக்கு வாடை வந்துவிடும். சிறிது நேர மைக்ரோவேவ் சூடு அந்த நொதியை அடக்கித் தவிட்டைப் பல வாரம் காக்கிறது. கம்பு மாவும் அப்படித்தான். திரித்துவைத்த கம்பு மாவு சீக்கிரம் கசந்துபோவது நம் வீடுகளில் எல்லோரும் அறிந்தது. திரிப்பதற்கு முன் கம்பை இப்படிச் சூடாக்கினால் கசப்பு தள்ளிப்போகிறது. இங்கெல்லாம் பொருளின் விலை கூடுதல், அளவு குறைவு, முளைப்பைப் பற்றிய கவலையும் இல்லை. செலவு கட்டுப்படியாகும்.

டெல்டாவின் நெல்லுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஒரு டன் நெல்லை 22 சதவீதத்திலிருந்து 14க்கு இறக்க, ஏறத்தாழ 93 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். சிறிதும் வீணாகாமல் செய்தாலே 65 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் தேவை. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரம் முழுவதும் மைக்ரோவேவாக மாறுவதில்லை, மூன்றில் ஒரு பங்காவது வழியிலேயே போய்விடுகிறது. ஆக, டன்னுக்கு 100 யூனிட் அளவுக்கு. அதே ஒரு டன் நெல்லிலிருந்து கிடைக்கும் 200 கிலோ உமியை எரித்தால், இந்த வேலைக்குத் தேவையான வெப்பத்தைப்போலப் பல மடங்கு கிடைக்கும். குவிண்டால் 2,369 ரூபாய் என்று 2025-26க்கு மத்திய அரசு ஆதார விலை வைத்த சாதாரண ரக நெல்லுக்கு, கையில் உமி இருக்கும்போது மின்சாரத்தைக் கொட்டி உலர்த்துவது அறிவுடைமை ஆகாது.

அதனால் என் முடிவு இது. நெல் விளையும் இடத்திலேயே, கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, உமியில் ஓடும் சாதாரண வெப்பக்காற்று டிரையர்களும், நெல்லை ஆறப்போடக் கூரையுள்ள தொட்டிகளும்தான் இன்றைய உடனடித் தேவை. மூட்டைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரை எடுக்க விவசாயி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது 1967லேயே முடிந்திருக்க வேண்டிய அவலம். மைக்ரோவேவ் பெட்டி அதைத் தீர்த்துவைக்கும் என்று காத்திருக்கக்கூடாது. விதைநெல்லை எந்த நிலையிலும் மைக்ரோவேவுக்குள் விடக்கூடாது. சான்று விதைக்கு 80 சதவீத முளைப்பாவது இருந்தாக வேண்டும். சூடு குவியும் ஓர் ஓரமே அதைக் கெடுத்துவிடும். விதைக்கு நிழலும் காற்றும், இளம் வெயிலும் போதும்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இப்போது விதவிதமான உலர்த்திகளைக் காட்ட ஆட்கள் வருகிறார்கள். வாங்குவது உங்கள் விருப்பம். ஆனால் எத்தனை நிமிடத்தில் காயும் என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்தாதீர்கள். நெல்லின் சூடு எத்தனை டிகிரிக்குப் போகிறது, ஓரத்திலும் நடுவிலும் ஒரே சூடுதானா, டன்னுக்கு எத்தனை யூனிட் ஆகும், ஆறப்போடும் தொட்டி விலையில் சேர்த்தியா என்று கேளுங்கள். உங்கள் வயல் நெல்லிலேயே இரண்டு மூட்டையை அந்தக் கருவியில் உலர்த்தச் சொல்லுங்கள், இன்னும் இரண்டு மூட்டையை வழக்கம்போல நிழலும் வெயிலுமாகக் காயவையுங்கள். அன்றே அரைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு நாள் அப்படியே கிடக்கட்டும். மூன்றாம் நாள் இரண்டையும் தனித்தனியே அரைத்து, குருணையைச் சலித்து எடை போட்டுப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.